படங்கு கட்டத் தெரியாதவன்

1979 ஜூன் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து சோறு தின்ற கையோடு கம்பளையிலிருந்து ஒரு பழைய மொரிஸ் மைனர் காரில் மூன்று பேர் புறப்பட்டோம். பின்னால் ஒரு தகரப் பெட்டி. அதற்குள் ஒரு துருக்கித் தொப்பி, ஒரு பூணூல், ஒரு கறுப்புக் கோட்டு, இரண்டு பொய்மீசைகள், ஒரு சேலை, ஒரு சாக்குப் படங்கு. பெட்டிக்குள் அடங்காத கொழுந்துக் கூடையைக் காரின் கூரையில் கயிறு போட்டுக் கட்டியிருந்தோம். புசல்லாவை, பூண்டுலோயா, தலவாக்கலை என்று மூன்று இரவுகள், மூன்று இடங்கள். நாங்கள் சிரிப்பு நாடகக்காரர்கள்.

அப்படிச் சொல்லிக்கொள்ள என்ன தகுதி என்று கேட்டால், வானொலி கேட்டது ஒன்றுதான் தகுதி. இலங்கை வானொலியில் ஒலித்த 'கோமாளிகளின் கும்மாளம்' அந்நாட்களில் எங்களைப் பிடித்து ஆட்டிய பைத்தியம். எஸ்.ராமதாஸ் எழுதி, மரிக்கார் என்ற முஸ்லிமாக அவரே நடித்தார். ரி.ராஜகோபால் அப்புக்குட்டி. எஸ்.செல்வசேகரன் உபாலி. பி.எச்.அப்துல் ஹமீத் ஐயர். 1976இல் இந்த நால்வரும் 'கோமாளிகள்' என்ற படத்திலும் வந்தார்கள். தொப்பி போட்டவர் ராமதாஸ், பூணூல் போட்டவர் அப்துல் ஹமீத் என்பதை இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்பச் சிரமப்படுகிறார்கள். அன்று யாருக்கும் அது புதினமாகப் படவில்லை. எங்கள் கடையில் வானொலிப் பெட்டியைச் சுற்றி நின்ற முஸ்லிம்கள்தான் மரிக்காருக்கு அதிகம் சிரித்தார்கள்.

நாங்களும் அதே கணக்கில் வேஷம் போட்டோம். கம்பளையில் படிப்பித்துக்கொண்டிருந்த ஒரு யாழ்ப்பாணத்து ஆசிரியர் என் கூட்டாளி. அவன் துருக்கித் தொப்பியைப் போட்டுக்கொண்டு நானா ஆவான். சில்லறைக் கடை முதலாளியின் மகனான நான் பூணூல் மாட்டி ஐயர் ஆவேன். காரோட்டி வந்த சிங்களச் சகோதரர் தானாகவே வந்து நின்று பேசுவார். அவர் தமிழில் வாய் திறந்தாலே சபை கலகலக்கும். ஒருவர் மற்றவரைக் கேலி செய்யும்போது, கேலி செய்யப்படுகிறவன் பக்கத்திலேயே நின்று பதில் கொடுப்பான். எங்கள் நாடகத்தில் இருந்த ஒரே ஒழுங்கு அதுதான். அது ஒழுங்கு என்பதுகூட அப்போது எங்களுக்குத் தெரியாது.

மலைநாட்டுக்குப் போகிறோமே, தோட்டத்து ஆளும் ஒருவர் வேண்டும் என்று யோசனை சொன்னவன் நான். வானொலியின் அந்த நால்வரிலும் கொழுந்து பறிக்கிறவர் யாரும் இல்லை. அந்தக் குறையை நான் தீர்த்துவைப்பதாக எண்ணம். சேலை கட்டி, கூடையைத் தலையில் மாட்டி, இடுப்பில் சாக்கைச் சுற்றிக்கொண்டு, நான் ஒரு கொழுந்துக்காரியாக வருவேன். அவளுக்கு எதுவும் விளங்காது. எண்ணத் தெரியாது. பஸ்ஸில் ஏறினால் எங்கே இறங்குவதென்று தெரியாது. நாலு பேர் கூடும் இடங்களில் "தோட்டக்காட்டான்" என்று சொல்லிச் சிரிக்கிற சிரிப்பைத்தான் நான் கூடைக்குள் போட்டு மலைக்கு ஏற்றிக்கொண்டு போனேன்.

புசல்லாவையில் பசார் மண்டபத்தில் நாடகம். வந்திருந்தவர்கள் கடைக்காரர்கள், உத்தியோகத்தர்கள், அவர்களின் பிள்ளைகள். கொழுந்துக்காரிக்குக் கூரை அதிரச் சிரித்தார்கள். ஐயரை இனிமேல் குறைத்துக்கொண்டு இவளைக் கூட்டலாம் என்று அன்றிரவே தீர்மானித்தோம்.

சனிக்கிழமை தவலந்தென்னைச் சந்தியில் திரும்பிப் பூண்டுலோயாப் பாதையில் இறங்கினோம். கொத்மலை நீர்த்தேக்கம் அப்போது இல்லை. அணை 1985இல்தான் முடிந்தது. இன்று தண்ணீர் நிற்கிற பள்ளத்தாக்கில் அன்று வயலும் ஊரும் இருந்தன. மழை விடவில்லை. வளைவுக்கு வளைவு காரை நிறுத்தித் துணியால் கண்ணாடி துடைத்தோம். மழைநாட்டு மேடையில் நடிப்பவன் இரண்டு விஷயம் படித்துக்கொள்ள வேண்டும். தகரக் கூரையில் மழை கொட்டினால் எந்தப் பகிடியும் கேட்காது. அது ஓயும்வரை கையாலும் காலாலும் ஏதாவது செய்துகொண்டிருக்க வேண்டும். பனி இறங்கினால் முகம் தெரியாது. அப்போது குரல் ஒன்றுதான் நடிக்கும். கூட்டாளி இரண்டிலும் கெட்டிக்காரன்.

டன்சினன் நீர்வீழ்ச்சி தெரிகிற இடத்தில் காரை நிறுத்தி இறங்கினோம். ஷேக்ஸ்பியரின் 'மக்பெத்' நாடகத்தில் அரசன் கடைசியில் ஒளிந்துகொள்கிற கோட்டையின் பெயரும் அதுவே. ஸ்கொட்லாந்திலிருந்து வந்த துரைமார் தங்கள் நாட்டு மலையின் பெயரை இங்கே தேயிலைக்கு வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். "அந்த நாடகத்திலயும் ஒரு கோமாளி வாறான் மச்சான்," என்றான் கூட்டாளி. "கொலை நடந்த கையோட, வெளியில கதவு தட்டிக் கேக்குது. திறக்க வாற வாசல் காவல்காரன்தான் அந்தக் கோமாளி. வெறியில நிண்டு பகிடி விடுவான்." அதை அவன் ஏன் அப்போது சொன்னான் என்று நான் யோசிக்கவில்லை.

யோசித்திருக்க வேண்டும். 1977 ஆகஸ்ட் வன்செயல் நடந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. தோட்டங்களில் அடிபட்டவர்கள் பலர் வவுனியாப் பக்கம் போயிருந்தார்கள். 1964 ஒப்பந்தத்தின்படி 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்பதாகவும், 3 இலட்சம் பேரை இலங்கை ஏற்பதாகவும் பேசி முடித்திருந்தார்கள். அந்தக் கணக்கில் பெயர் வந்தவர்கள் மூட்டை கட்டித் தலைமன்னாருக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. அவர்கள் ஏறிப்போன ரயிலை மலையகத்தார் ஒப்பாரிக் கோச்சி என்றார்கள். எங்கள் கொழுந்துக்காரியோ பஸ்ஸில் எங்கே இறங்குவதென்று தெரியாமல் முழித்துக்கொண்டிருந்தாள்.

பூண்டுலோயாவை அடுத்த ஒரு தோட்டத்தில், கோயில் முன்றலில் மேடை. இரண்டு பெற்றோமக்ஸ் விளக்குகள். பின்னேரமே கூட்டிக்கொண்டுபோய் ஒரு லயக் காம்பராவில் உட்காரவைத்து, ரொட்டியும் சம்பலும் தேத்தண்ணியும் தந்தார்கள். "இவரு நானாவுங்க, கறி சாப்பிட மாட்டாரு. முட்டை அவிச்சிருக்கு," என்று வீட்டுக்காரம்மா எனக்கு மட்டும் ஒரு புதுக் கோப்பையில் கொண்டுவந்து வைத்தார். இரண்டு முட்டைகள். அந்த வீட்டில் நாலு பிள்ளைகள் இருந்தார்கள். அவர்கள் என் கோப்பையைப் பார்க்காமல் இருக்கப் பழக்கப்பட்டவர்கள் போலச் சுவரைப் பார்த்தார்கள்.

நாடகம் தொடங்கியது. நானாவுக்கும் ஐயருக்கும் நன்றாகச் சிரித்தார்கள். பிறகு நான் உடுப்பு மாற்றிக் கூடையோடு வந்தேன். முதல் பகிடிக்கு முன்வரிசைப் பிள்ளைகள் சிரித்தார்கள். பெரியவர்கள் சிரிக்காததைத் திரும்பிப் பார்த்துவிட்டு அவர்களும் நிறுத்தினார்கள். கூச்சல் போடவில்லை. கல்லெறியவில்லை. எழும்பிப் போகவுமில்லை. விருந்தாளி முகம் கோணக்கூடாது என்று இருந்த இடத்திலேயே இருந்தார்கள். அன்று மழையும் விட்டிருந்தது. சத்தமே இல்லாத சபையில் கால்மணி நேரம் நின்று நடித்தேன். அப்படி ஒரு நீளமான கால்மணி நேரத்தை அதற்குப் பிறகும் நான் கண்டதில்லை.

மறைப்புக்குப் பின்னால் வந்து கூடையை இறக்கினேன். அங்கே ஒரு ஆச்சி நின்றிருந்தார். இரண்டு மூன்று பெண்கள் துணைக்கு. ஏசப்போகிறார் என்று நினைத்தேன்.

"தம்பி, படங்க இப்புடிக் கட்ட மாட்டாங்க."

என் இடுப்பிலிருந்த சாக்கை அவிழ்த்து உதறி, மடித்து, தன் கையாலேயே இறுக்கிக் கட்டிவிட்டார். அடிவயிற்றை மறைத்துக் கால்வரை தொங்கியது. "மழையில செடிக்குள்ள நின்னா வயித்துக்குக் கீழதான் மொதல்ல நனையும். அதுக்குத்தான் இது. இதுவும் ஊறிப்போச்சுன்னா, கூடை ஒரு பாரம், இது ஒரு பாரம்." பிறகு என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, அந்த ஆச்சி ஒரு காரியம் செய்தார். தோளை உயர்த்தி, வயிற்றை முன்னால் தள்ளி, காதில் பென்சில் செருகிய கணக்குப்பிள்ளையாக மாறினார். இல்லாத தராசில் இல்லாத கூடையைத் தொங்கவிட்டார். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, கட்டைவிரலால் தராசை மெல்லத் தட்டினார். "கூடைக்கு ரெண்டு றாத்தல், தண்ணிக்கு மூணு, போ!" துணைக்கு வந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். என் கூட்டாளி தரையில் குந்திவிட்டான்.

"எண்ணத் தெரியாதுன்னு நடிக்கிறீங்களே தம்பி. அங்கனயே நின்னு எண்ணிப் பார்த்துத்தான் வர்றோம். பேச முடியாது, அவ்வளவுதான். இதப் போடுங்க. சிரிப்போம்."

பெரிய நடிகர்கள் பலரை அதற்குப் பிறகு பார்த்திருக்கிறேன். தனியாளாய் மேடையில் நின்று 'அண்ணை றைற்' என்று ஒரு பஸ் நடத்துனரை நடமாடவிட்ட கே.எஸ்.பாலச்சந்திரன் அவர்களில் ஒருவர். பஸ்ஸும் சனமும் நெரிசலும் அவருடைய ஒரு வாய்க்குள்ளிருந்து வரும். அந்தக் கண்டக்டரைப் பார்த்துச் சிரித்த யாழ்ப்பாணத்தார் அதே பஸ்ஸில்தான் தொங்கிக்கொண்டு வந்தவர்கள். ஆச்சிக்கும் அந்தக் கலை தெரிந்திருந்தது. மாசியில் காமன் கூத்து ஆடுகிற, அருச்சுனன் தபசில் விடிய விடியக் கண் விழிக்கிற மக்களுக்குப் பகிடி என்றால் என்னவென்று படிப்பிக்க நாங்கள் கம்பளையிலிருந்து பெற்றோல் அடித்துக்கொண்டு போயிருந்தோம்.

ஞாயிறு இரவு தலவாக்கலை. ஆச்சியின் தராசை அப்படியே எடுத்துப் போட்டோம். நான் படங்கைச் சரியாகக் கட்டியிருந்தேன். கூட்டாளி கணக்குப்பிள்ளை. பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள் பின்வரிசையை நிறைத்திருந்தார்கள். கட்டைவிரல் தராசில் பட்டதும் சபை எழும்பிவிட்டது. எனக்குத் தலைகால் தெரியவில்லை. அப்போது பின்னாலிருந்து ஒரு ஆண்குரல் கேட்டது:

"நானா கடைத் தராசையும் போடுங்க!"

அதற்கு முன்னதைவிடப் பெரிய சிரிப்பு. கூட்டாளி ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தான். பெட்டியிலிருந்து துருக்கித் தொப்பியை எடுத்துத் தன் தலையில் வைக்கப் போனவன், நிறுத்தி, அதை என் தலையில் வைத்தான். காதோடு சொன்னான்: "மச்சான், இது நீ போடவேண்டியது."

போட்டேன். கொழுந்துக்காரி சேலையோடு, தலையில் தொப்பியோடு நின்று, சீனி நிறுத்தேன். அரிசி நிறுத்தேன். கடன் கொப்பியில் எழுதும்போது பென்சிலை நாக்கில் தொட்டு, 4ஐ 9 ஆக்கினேன். நான் ஒன்றையும் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. கைகள் தாமாகவே செய்தன. சின்ன வயதிலிருந்து மேசைக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்த கைகள் அவை. சபை சிரிக்கச் சிரிக்க எனக்கு உள்ளுக்குள் காய்ச்சல் வந்தது போல் இருந்தது.

அளவையில் குறைப்பவர்களுக்குக் கேடு என்று தொடங்கும் சூராவை மத்ரஸாவில் மனனம் செய்தவன் நான். கடையில் அது எனக்கு ஒருநாளும் ஞாபகம் வந்ததில்லை. மேடையில், பொய்த் தராசின் முன்னால்தான் வந்தது.

லொறிக்காரர்கள் மூலம் செய்தி எனக்கு முன்பே கம்பளைக்கு வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை இரவு, கடைக் கதவுப் பலகைகளை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருந்தபோது வாப்பா கேட்டார்.

"மகன், தராசுல வெரல் வெச்சி நடிச்சியாம். மெய்யா?"

"மெய் வாப்பா."

"அது யாருட வெரல்?"

நான் பேசவில்லை. கடைசிப் பலகையை அவரே எடுத்துப் போட்டார். மறுநாள் காலை, மூலையில் சாக்குகளுக்குப் பின்னால் தொங்கிய தராசு முன்வாசலுக்கு வந்திருந்தது. வாங்குகிறவர்களின் கண்ணுக்கு நேரே முள் நின்றது. அதைப் பற்றி நாங்கள் இருவரும் ஒருபோதும் பேசிக்கொண்டதில்லை. வாப்பா மௌத்தாகும்வரை தராசு அங்கேதான் தொங்கியது.

1983 ஜூலைக்குப் பிறகு கூட்டாளி யாழ்ப்பாணம் போய், அங்கிருந்து கனடாவுக்குப் போனான். கார் விற்கப்பட்டது. நான் கடையோடு தங்கிவிட்டேன். பாலச்சந்திரன் 2014இலும் ராமதாஸ் 2016இலும் மறைந்தார்கள். செய்தி வந்த இரண்டு நாளும் கூட்டாளி தொலைபேசியில் அழைத்தான். பழைய பகிடிகளையே திரும்பத் திரும்பச் சொன்னோம். பூண்டுலோயாவை இருவரும் எடுக்கவில்லை.

அண்மையில் ஒரு கலியாணத்துக்காகத் தலவாக்கலையிலிருந்து பூண்டுலோயாவுக்கு பஸ்ஸில் போனேன். இந்திய உதவியில் கட்டி 2018இல் டன்சினன் தோட்ட மக்களுக்குக் கையளித்த 404 வீடுகள் அந்தப் பக்கத்தில்தான் இருக்கின்றன. லயங்களும் இன்னும் இருக்கின்றன. பக்கத்து இருக்கையில் ஒரு தோட்டத்துப் பையன் கைத்தொலைபேசியைப் பார்த்துத் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தான். என்ன தம்பி என்று கேட்டேன். வெட்கப்பட்டுக்கொண்டே என் பக்கம் நீட்டினான். அவனும் கூட்டாளிகளும் சேர்ந்து எடுத்த சிரிப்புப் படமாம். இவன்தான் கொழுந்து பறிக்கிற அம்மா. எதிரே ஒருவன் தராசோடு நிற்கிறான்.

கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு இடுப்பைப் பார்த்தேன். படங்கு சரியாகக் கட்டியிருந்தது.

"யாரு தம்பி கட்டிவிட்டது?"

"எங்கம்மாங்க," என்றான்.