சர்க்கரை இல்லாத கோகோ: டயட்ல இருக்கறவங்க குடிக்கலாமா?

"டாக்டர், ஹோல் ஃபுட் டயட்ல கோகோ பவுடர் சேர்த்துக்கலாமா?" ஓபியில வாரத்துக்கு ரெண்டு பேராவது இதைக் கேக்கறாங்க. இன்பாக்ஸ்ல இன்னும் அதிகம். தனித்தனியா பதில் எழுதி மாளல, அதான் இந்த இழை. கொஞ்சம் நீளம்தான். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடறவங்களும், கிட்னியில கல் வந்தவங்களும் கட்டாயம் கடைசி வரைக்கும் படிங்க.

முதல்ல நான் ஏன் குடிக்கறேன்னு சொல்லிடறேன்.

எங்க அப்பாவுக்கு 46 வயசுல சுகர் வந்துச்சு. கடைசி மூணு வருஷம் வாரத்துக்கு ரெண்டு டயாலிசிஸ். பக்கத்துல உக்காந்திருந்தது நான்தான். எனக்கு 43 வயசுல ஹெச்பிஏ1சி 6.1 வந்துச்சு. 5.7-ல இருந்து 6.4 வரைக்கும் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலைன்னு தினம் பத்து பேருக்குச் சொல்ற ஆள் நான். ஆனா என் பேர் போட்ட ரிப்போர்ட்டைப் பார்த்தப்போ அந்த டயாலிசிஸ் மெஷின் சத்தம்தான் காதுல கேட்டுச்சு.

அன்னிக்கு ஆரம்பிச்ச டயட். சர்க்கரை, வெல்லம், தேன், மைதா, பிஸ்கட், ஜூஸ் எதுவும் கிடையாது. காய்கறி, கீரை, முழுப் பயறு, முட்டை, மீன், தயிர், கடலை, அளவா சிறுதானியம், ஒரு பழம். பகல்ல பெரிய கஷ்டம் இல்ல. சோதனை நைட் டூட்டியிலதான். குழந்தை பிறந்த வீட்டுக்காரங்க குடுத்த ஸ்வீட் பாக்ஸ் ஒண்ணு நர்ஸ் ஸ்டேஷன்ல எப்பவும் திறந்தே இருக்கும். ராத்திரி 11 மணிக்குப் பசியே இல்லாம கை அங்க போகும்.

அந்த நேரத்துக்குத்தான் கோகோ. ஒரு டம்ளர் சூடான பால், ஒரு டீஸ்பூன் கோகோ, கொஞ்சம் பட்டைத்தூள். இனிப்பு எதுவும் இல்ல. முதல் வாரம் கஷாயம் மாதிரிதான் இருந்துச்சு. எங்கம்மா எட்டிப் பார்த்துட்டு, "இத்துனூண்டு கருப்பட்டி போட்டா என்னடா கெட்டுப்போகும்?"னாங்க. நான் போடல. மூணாவது வாரம் அந்தக் கசப்பு பிடிக்க ஆரம்பிச்சிருச்சு. டம்ளரைக் கீழ வச்சப்புறம் மைசூர்பாகு மேல ஆசையும் குறைஞ்சுது.

சரி, இது ஹோல் ஃபுட்டா? சட்டப்படி பார்த்தா இல்ல. பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்புக்குள்ள ஊடுபயிரா கோகோ போட்டிருக்கறதைப் பார்த்திருப்பீங்க. பழத்தை உடைச்சா வெள்ளைச் சதைக்குள்ள முப்பது, நாப்பது கொட்டை இருக்கும். அதைச் சில நாள் புளிக்க வச்சு, வெயில்ல காய வச்சு, வறுத்து, தோல் நீக்கி, அரைச்சு, கொழுப்பைப் பிழிஞ்சு எடுத்தப்புறம் மிஞ்சற பிண்ணாக்கைப் பொடி பண்றதுதான் கோகோ பவுடர். எண்ணெய் எடுத்த பிண்ணாக்கு எப்படி முழு உணவு ஆகும்னு கேட்டா நியாயம்தான். ஆனா அதே கண்டிப்போட பார்த்தா டீத்தூளும் கிடையாது, செக்கு எண்ணெயும் கிடையாது.

என் கணக்கு வேற. இந்த டயட்டை எதுக்கு எடுத்தோம்? சர்க்கரையும், சத்தை உருவின மாவும் உள்ள போகக்கூடாதுன்னு. ஒரு டீஸ்பூன் கோகோவுல சர்க்கரை கிட்டத்தட்ட இல்ல. எடையில மூணுல ஒரு பங்கு நார்ச்சத்து. அப்புறம் மெக்னீசியம் நல்லாவே இருக்கு. எனக்கு இது போதும், அதனால சேர்த்துக்கறேன்.

வாங்கும்போது டப்பாவைத் திருப்பிப் பாருங்க. 'டிரிங்கிங் சாக்லேட்'னு போட்டிருந்தா வச்சுட்டு வந்துடுங்க, பெரும்பாலும் சர்க்கரைதான் முதல் பொருளா இருக்கும். 'அன்ஸ்வீட்டன்ட்'னு இருக்கறதுலயும் ரெண்டு வகை. கசப்பும் புளிப்பும் குறையறதுக்காகக் காரம் சேர்த்துப் பதப்படுத்துவாங்க, அதுக்குப் பேரு டச் பிராசஸ். 19-ஆம் நூற்றாண்டுல நெதர்லாந்துக்காரர் வான் ஹௌட்டன் கொண்டுவந்த முறை. நிறம் அழகா கறுக்கும், பால்ல சுலபமா கலக்கும். ஆனா ஃபிளாவனால்ங்கற நல்ல சத்து போயிடும். 2008-ல வந்த ஒரு ஆய்வுல, இயற்கைக் கோகோவுல கிராமுக்கு 34.6 மில்லிகிராம் இருந்துச்சு, நல்லா காரம் ஏத்தினதுல 3.9 மட்டும்தான். நம்ம ஊர் டப்பாவுல 'அசிடிட்டி ரெகுலேட்டர்'னு போட்டு பக்கத்துல 500 இல்லனா 501-னு எண் இருந்தா, காரம் சேர்த்ததுன்னு புரிஞ்சுக்கலாம். சர்க்கரையைத் தவிர்க்க மட்டும்னா ரெண்டுமே ஓகே.

ஃபிளாவனால் இதயத்தைக் காப்பாத்தும்னு வாட்ஸ்அப்ல சுத்துது. அமெரிக்காவுல 21,442 பேரை வச்சு 'காஸ்மோஸ்'னு ஒரு ஆய்வு நடந்துச்சு, 2022-ல முடிவு வந்துச்சு. தினம் 500 மில்லிகிராம் ஃபிளாவனால். மொத்த இதய ரத்தக்குழாய் பாதிப்புகள்ல உறுதியாச் சொல்ற அளவுக்கு வித்தியாசம் இல்ல. இதய நோயால வர்ற இறப்பு மட்டும் 27% குறைஞ்சுது, ஆனா அது ரெண்டாம்பட்ச முடிவு. முக்கியமா, குடுத்தது கோகோ சத்துல செஞ்ச கேப்சூல். நம்ம டம்ளர் கோகோவுக்கு அந்தப் பெருமையைக் குடுக்க முடியாது. பிபி மாத்திரையை நிறுத்திட்டுக் கோகோ குடிக்கறேன்னு யாரும் வந்துடாதீங்க, ப்ளீஸ்.

ஒரு சுவாரசியம். டயட் ஆளுங்க பலர் வாழைப்பழமும் கோகோவும் சேர்த்து ஸ்மூத்தி அடிக்கறாங்க. வாழைப்பழத்தைக் கறுக்க வைக்கற ஒரு நொதி ஃபிளாவனாலையும் காலி பண்ணிடுது. 2023-ல வந்த ஒரு சின்ன ஆய்வுல, வாழைப்பழ ஸ்மூத்தி குடிச்சவங்க உடம்புல ஃபிளாவனால் 84% கம்மியா சேர்ந்துச்சு. ருசிக்காகன்னா தாராளமா அடிங்க.

இப்போ முக்கியமான விஷயம். இரும்புச்சத்து. ஹீமோகுளோபின் 8-ல ஒரு அக்கா வந்தாங்க. மாத்திரை ஒழுங்கா சாப்பிட்டும் ஏறல. விசாரிச்சா, காலையில மாத்திரையோடயே கோகோ பால். கோகோவுல இரும்பு நிறைய இருக்குன்னு யாரோ சொல்லியிருக்காங்க. இருக்கறது உண்மைதான். ஆனா அதுல இருக்கற பாலிஃபீனால், சாப்பாட்டுல இருந்தும் மாத்திரையில இருந்தும் இரும்பை உடம்பு உறிஞ்ச விடாது. டீ பண்ற அதே வேலை. கூட இருக்கற பாலும் தடுக்கும். ரெண்டு மணி நேரம் இடைவெளி விடச் சொன்னேன். ரெண்டு மாசத்துல 10.4. ரத்தசோகை இருக்கற பெண்கள், முக்கியமா கர்ப்பிணிகள், இதை மறக்காதீங்க.

அடுத்து கல். கோகோவுல ஆக்ஸலேட் அதிகம். ஒரு டீஸ்பூனால மட்டும் கல் வராது. ஆனா நம்ம டயட் தட்டைப் பாருங்க: தினமும் பாதாம், பாலக்கீரை, பீட்ரூட், சர்க்கரைவள்ளி, எல்லாத்துலயும் ஆக்ஸலேட்தான். அதுக்கு மேல கோகோவும் சேர்ந்தா கணக்கு ஏறும். கால்சியம் ஆக்ஸலேட் கல் ஏற்கெனவே வந்தவங்க கோகோவை விட்டுடறது நல்லது. தண்ணி நிறைய குடிங்க, சாப்பாட்டோட தயிர் சேர்த்துக்கங்க. கிட்னி ஃபெயிலியர் இருக்கறவங்க பொட்டாசியத்தைப் பார்க்கணும், உங்க டாக்டரைக் கேக்காம தொடாதீங்க.

பேரீச்சம்பழம் இருபது போட்டுக் கோகோ பிரௌனி பண்ணி, 'சுகர் ஃப்ரீ'ன்னு போட்டோ அனுப்பறவங்களுக்கு: அதுவும் சர்க்கரைதான் கண்ணுகளா. உங்க குளுக்கோமீட்டர் அதை ஹோல் ஃபுட்னு தனியா கணக்கு வைக்காது.

என் ஹெச்பிஏ1சி இப்போ 5.6. கோகோவால இல்ல. பிஸ்கட்டும் ஸ்வீட் பாக்ஸும் போனதால, தினம் முக்கால் மணி நேரம் நடக்கறதால. கோகோ அந்த 11 மணியைத் தாண்ட உதவுச்சு, அவ்வளவுதான்.

அளவு: ஒரு நாளைக்கு ஒண்ணு, மிஞ்சினா ரெண்டு டீஸ்பூன். மண்ணுல இருந்து காட்மியம் கோகோவுல ஏறும்ங்கறதால கரண்டி கரண்டியா வேணாம். நெஞ்செரிச்சல் இருக்கறவங்க ராத்திரி குடிச்சா கூடும், பகலுக்கு மாத்திக்கங்க. காபி அளவுக்கு இல்லனாலும் இதுலயும் காஃபீன் இருக்கு. டூட்டியில முழிச்சிருக்கற எனக்கு ராத்திரி சரி. தூக்கம் வராதவங்க சாயங்காலம் 4 மணிக்கே முடிச்சுடுங்க.