சிறுதிரையும் கடைவாசலும்

வாணிகஞ் செய்வோன் தன் கடைவாசலை வருவோரின் வசதி நோக்கியே அமைத்தல் வேண்டும் என்பது எவரும் அறிந்த உண்மை. ஆயினும், இணையத்தளம் என்னும் புதிய வாசலை அமைக்கும்போது இவ்வுண்மை பெரிதும் மறக்கப்பட்டுவிடுகின்றது. யாழ்ப்பாணத்திலே பனம்பொருள் விற்கும் சிறு கடையொன்றில் நிகழ்ந்தது இதற்குத் தக்க சான்றாகும்.

அக்கடைக்கு 2011ஆம் ஆண்டில் ஓர் இணையத்தளம் அமைக்கப்பட்டது. மேசைக் கணினியின் அகன்ற திரையை மனங்கொண்டு, மூன்று நிரல்களாக அது வகுக்கப்பட்டிருந்தது. முகப்பிலே கடையைத் தொடங்கிய முதியவரின் பெரிய நிழற்படம். அதன்கீழே கடையின் வரலாறு. பனங்கட்டி, ஒடியல், புழுக்கொடியல், பனாட்டு ஆகியவற்றின் விலையும் தொலைபேசி இலக்கமும் வலப்புற நிரலின் அடியில் ஒதுங்கிக் கிடந்தன. தம் தந்தையார் உலகெங்கும் வீற்றிருக்கின்றார் என்ற பெருமிதம் கடை உரிமையாளருக்கு.

காலப்போக்கில் வாடிக்கையாளர் பலர் கணினியை விட்டுக் கைத்தொலைபேசிக்கு மாறினர். ஒருநாள் அயற்கிராமத்து மூதாட்டி ஒருவர் கடைக்கு நேரில் வந்தார். வெளிநாட்டிலிருந்து வந்திருந்த மகனுக்கு ஒடியல்மா கொடுத்தனுப்ப எண்ணி, தொலைபேசியிற் சொல்லிவைக்க முயன்றவர் அவர். மகனோ முதல்நாளே பயணமாகிவிட்டான்.

"தம்பி, கடையின்ரை நம்பரைத் தேடித் தேடிக் கண் பூத்துப்போச்சு. உங்கடை ஐயான்ரை முகந்தான் தெரியுது. எழுத்தெல்லாம் ஒண்டும் விளங்காத இங்கிலீசாய்க் கிடக்கு."

இதற்குக் காரணங்கள் இரண்டு. பக்கத்தின் அகலம் இன்னதெனக் கூறும் ஒருவரிக் கட்டளை அத்தளத்தில் இருக்கவில்லை. அத்தகைய கட்டளையை 2007இல் ஐபோனுடன் அப்பிள் நிறுவனம் அறிமுகஞ் செய்தது. அஃது இல்லாதவிடத்துக் கைத்தொலைபேசி, பக்கம் ஏறத்தாழ 980 படப்புள்ளி அகலமுடையது எனக் கொண்டு முழுவதையும் சுருக்கிக் காட்டும். மற்றையது எழுத்துருப் பிரச்சினை. தளம் பாமினி எழுத்துருவில் எழுதப்பட்டிருந்தது. ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களிலே தமிழ் வடிவங்களை ஏற்றியமைத்த எழுத்துரு அது. அவ்வெழுத்துரு இல்லாத கருவியிலே தமிழ் மறைந்து ஆங்கில எழுத்துகளே தோன்றும்.

பல்கலைக்கழகத்திற் பயிலும் உரிமையாளரின் மகள் தளத்தைத் திருத்த முன்வந்தாள். திரையின் அகலத்துக்கேற்பப் பக்கம் தானே இசைந்து மாறும் வடிவமைப்பு முறைக்கு ஈதன் மார்க்கொட் என்பவர் 2010இல் எழுதிய கட்டுரையே பெயர் தந்தது. கைத்தொலைபேசிக்கு இசைவான பக்கங்களுக்குத் தன் தேடல் முடிவுகளில் முன்னுரிமை வழங்கும் மாற்றத்தை 2015 ஏப்ரிலிற் கூகிள் நிறுவனம் நடைமுறைப்படுத்தியது. இவற்றையெல்லாம் கற்றறிந்த மகள், பாமினியை யூனிகோட்டுக்கு மாற்றினாள். படங்களின் பருமனைக் குறைத்தாள். மூன்று நிரல்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினாள். விரல் பட்டதும் அழைப்புச் செல்லுமாறு தொலைபேசி இலக்கத்தை அமைத்தாள்.

இடர் அதன்பின்னரே எழுந்தது. ஒரே நிரலில் எது முதலில் நிற்பது, எது அடியில் நிற்பது? அகன்ற திரையில் எல்லாவற்றையும் அருகருகே வைத்துத் தப்பித்துக்கொள்ளலாம். சிறுதிரையோ தெரிவு செய்யுமாறு வற்புறுத்துகின்றது. மகள் விலைப்பட்டியலை மேலே ஏற்றி நிழற்படத்தைக் கீழே இறக்கியதைக் கண்ட தந்தையின் முகம் கறுத்தது.

"இந்தக் கடையே ஐயான்ரை வேர்வை, பிள்ளை. அவரைப்போய் அடியிலை தள்ளுறதே?"

மகள் சற்றுநேரம் பேசவில்லை. பின்னர் மெல்லக் கேட்டாள்: "அப்பா, அப்பப்பான்ரை படத்தைக் கடையிலை எங்கை மாட்டியிருக்கிறியள்?"

அது காசுமேசைக்குப் பின்னாலுள்ள சுவரிலே மாட்டப்பட்டிருந்தது. உள்ளே வந்து பொருள் வாங்குவோர் நிமிர்ந்து பார்க்கும் இடம் அது. வாசலை மறித்து அப்படத்தை எவரும் ஒருநாளும் வைத்ததில்லை. தந்தை அப்படத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "சரி, பிள்ளை செய்" என்றார்.

முன்னோரைப் போற்றுதலும் வருவோரை உபசரித்தலும் ஒன்றுக்கொன்று பகையானவையல்ல. எது எங்கே நிற்றல் வேண்டும் என்பதே வினா. வாசலை மறித்து நிற்கும் பெருமை, உள்ளே வர விரும்புவோரைத் திருப்பி அனுப்பிவிடுகின்றது.

சில வாரங்களின் பின்னர் அம்மூதாட்டியிடமிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. இரண்டு கிலோ ஒடியல்மாவுக்குச் சொல்லிய பின்னர் அவர் கூறினார்:

"தம்பி, அடியிலை உங்கடை ஐயான்ரை கதை கிடந்தது. இண்டைக்குத்தான் வாசிச்சன்."