கொப்பியின் கடைசிப் பக்கம்



எங்கள் பாடசாலைக்குப் புதிதாக ஒரு தங்கச்சி நியமனம் பெற்று வந்திருக்கிறார். கல்விக் கல்லூரியில் இரண்டு வருடம், கட்டுறு பயில்வு ஒரு வருடம் முடித்தவர். முதல் நாளே அவரை இருத்தி வைத்து ஒரு மணித்தியாலம் புத்திமதி சொன்னேன். பாவம், எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அன்றிரவுதான் எங்கள் பகுதித் தலைவர் டீச்சரின் ஞாபகம் வந்தது. அவர் எனக்கு ஒரு புத்திமதியும் சொன்னதில்லை.

பத்து வருடத்துக்கு முந்திய கதை. நான் தரம் 9இன் வகுப்பாசிரியை, கணிதமும் நான்தான். பாடக்குறிப்பு சுத்தம், கரும்பலகை எழுத்து அழகு, கேள்வி கேட்டால் டக்கென்று பதில் வரும். கெட்டிக்கார டீச்சர் என்ற நினைப்பு எனக்கு.

ஒரு நாள், "மகள், உங்கட வகுப்பில பின்னுக்குக் கொஞ்சம் இருக்கவா?" என்று கேட்டார். கடைசி வாங்கில் பிள்ளைகளோடு உட்கார்ந்து 40 நிமிடமும் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். மணி அடித்ததும் கொப்பியின் கடைசிப் பக்கத்தைக் கிழித்துத் தந்துவிட்டுப் போய்விட்டார்.

பிள்ளைகள் இருக்கும் இடங்களைக் கட்டம் கட்டமாக வரைந்திருந்தார். நான் ஒரு பிள்ளையிடம் கேள்வி கேட்ட, பெயர் சொல்லிக் கூப்பிட்ட, கொப்பி பார்த்த ஒவ்வொரு தடவைக்கும் ஒரு புள்ளி. மொத்தம் 38 கட்டங்கள். முன்வரிசையில் ஆறு கட்டங்கள் புள்ளியால் கறுத்துப் போயிருந்தன. ஏழெட்டில் ஒன்றோ இரண்டோ. மிச்சமெல்லாம் வெள்ளை. யன்னலோரக் கடைசிக் கட்டத்தில் மட்டும் ஒரு கேள்விக்குறி.

அது யாருடைய இடம் என்று எனக்கு உடனே ஞாபகம் வரவில்லை. இடாப்பைத் திறந்தேன். நோன்பு விடுமுறை முடிந்து பாடசாலை தொடங்கியதிலிருந்து ஒன்பது நாள் அவன் வரவில்லை. ஒன்பது நாளும் அடையாளம் போட்டது என்னுடைய கை.

பின்னேரம் டீச்சரும் நானும் அவன் வீட்டுக்குப் போனோம். வாப்பா இல்லாத வீடு. பெருநாள் வியாபாரத்துக்கு உதவியாக டவுனில் ஒரு புடவைக் கடைக்குப் போனவன், பெருநாள் முடிந்தும் அங்கேயே நின்றுவிட்டான். உம்மா தேத்தண்ணி தந்துவிட்டு, "அவனுக்குக் கணக்கு விளங்கல்லயாம் டீச்சர். வகுப்பில ஒருத்தரும் அவனைக் கேக்கிறயுமில்லயாம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

திரும்பி வரும்போது டீச்சர் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மருமகளின் பிரசவத்தைப் பற்றியே கதைத்துக்கொண்டு வந்தார். பிறகு இன்னும் இரண்டு தடவை போனோம். அவன் வரவில்லை.

இப்போதும் அதே கடையில்தான் நிற்கிறான். என்னைக் கண்டால் ஸலாம் சொல்லுவான். மூன்றே முக்கால் மீட்டர் துணிக்கு, கழிவும் போக, கல்குலேட்டரைத் தொடாமல் விலை சொல்லுவான்.

போன திங்கட்கிழமை புதிய தங்கச்சியிடம் ஒரு கொப்பியைக் கொடுத்து, என்னுடைய வகுப்பில் பின்னுக்கு வந்து இருக்கச் சொன்னேன். மணி அடித்ததும் தயங்கித் தயங்கித்தான் அந்தப் பக்கத்தைத் தந்தார்.

பதினொரு கட்டம் வெள்ளை.