சாக்குக் கதவு

பிள்ளைகள் ஒளிந்துகொள்ளும் இடங்களைப் பற்றி ஒரு முழு நூலே இருக்கிறது என்பது பல்கலைக்கழக நூலகத்தில்தான் எனக்குத் தெரிய வந்தது. டேவிட் சோபல் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1993இல் எழுதியது. இங்கிலாந்தின் டெவன் பகுதியிலும் கரீபியக் கடலின் கரியாக்கூ தீவிலும் பிள்ளைகளை வரைபடம் வரையச் சொல்லி, அவர்களோடு நடந்தே போய்ப் பார்த்திருக்கிறார். நாடு வேறு, நிறம் வேறு; இரண்டு இடத்துப் பிள்ளைகளும் புதருக்குள் குடில் கட்டியிருக்கிறார்கள். வீட்டுக்குப் பக்கத்தில், ஆனால் பெரியவர்களின் கண்ணுக்கு எட்டாமல்!

சுங்கைப்பட்டாணி அருகே எங்கள் தோட்டத்து லயத்துக்கு அவர் வந்திருந்தால் என் தம்பியின் இடத்தையும் பார்த்திருப்பார். தண்ணீர்த் தொட்டிக்கும் கோழிக்கூண்டுக்கும் நடுவே மூன்றடி இடுக்கு. மேலே துருப்பிடித்த தகரம், முன்னால் அரிசிச் சாக்கு. உள்ளே ரப்பர் விதைகள், உடைந்த மங்கு, ஒற்றைச் சிலிப்பர். "அக்கா, கதவத் தட்டிட்டு வா!" என்பான். சாக்கை எப்படித் தட்டுவதாம்? அப்பா திட்டினால் அங்கே போவான். பாட்டி இறந்த அன்றும் அங்கேதான் இருந்தான்.

நான் ஆறாம் ஆண்டு முடித்த 2015இன் இறுதியில் தோட்டம் கைமாறியது. நான்காவது மாடியில் மலிவு விலை வீடு கிடைத்தது. அம்மாவுக்கு வேலை பாதியாகக் குறைந்தது, அதை மறுக்கமாட்டேன். தம்பி ஒரே வாரத்தில் மாடிப்படிக்கு அடியில் ஓர் இடம் பிடித்தான். அடுத்த மாதமே அங்கே கம்பிக் கதவு போட்டுப் பூட்டிவிட்டார்கள், துடைப்பம் வைக்க! கார் நிறுத்தக் கோடு கிழித்தவர்களுக்கு ஒரு பிள்ளை ஒளிய மூலை வேண்டும் என்று தோன்றவில்லை. அவன் அழவில்லை. பேச்சைக் குறைத்துக்கொண்டான். பள்ளி ஆசிரியையே அம்மாவை அழைத்துக் கேட்கும் அளவுக்கு.

அம்மா ஆறாம் ஆண்டோடு நின்றவர், சோபலை அறியாதவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை தையல் இயந்திரத்தைச் சன்னலோரம் நகர்த்தினார். கிடைத்த இடைவெளியில் பழைய சேலையொன்றைக் கட்டித் தொங்கவிட்டார். "இனிமே யாரும் கேக்காம உள்ள போவக்கூடாது" என்றார், அப்பாவுக்கும் சேர்த்து. அன்று மாலை, பள்ளிப்பையின் அடியில் கிடந்த ரப்பர் விதைகளைத் தம்பி ஒவ்வொன்றாக உள்ளே கொண்டுபோனான். இரவுச் சாப்பாட்டுக்கு அம்மா சேலைக்கு வெளியே நின்று, "டொக், டொக்" என்று வாயாலேயே தட்டினார்.

அவனுக்கு இப்போது பதினாறு வயது. தையல் இயந்திரம் இன்னும் சன்னலோரத்தில்தான் இருக்கிறது.