பதுளை மலையில் ஒரு மண்ணடுப்பு

பதுளைக்குப் போகும் ரயிலில் யன்னலோரம் இருந்த அக்கா, தெமோதரை தாண்டும்வரை ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவர் கிளிநொச்சி தர்மபுரத்தில் பிறந்தவர். இறுதி யுத்தத்தில் கணவரை இழந்து, இரண்டு பிள்ளைகளைத் தனியாக வளர்த்தவர். அவருடைய அம்மா பசறைப் பக்கத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்தவர்; 1977 கலவரத்தின்பின் வன்னிக்கு வந்து சேர்ந்தவர். "அம்மா சொன்ன மலையை ஒருக்கா பாக்கோணும் மிஸ்" என்று அக்கா பலமுறை கேட்டிருந்தார். 2023 ஆகஸ்டில் மண்ணடுப்புத் தொழிலைப் பார்த்து வர எங்கள் குழுவிலிருந்து நான்கு பெண்களை அழைத்துச் சென்றபோது அவரையும் சேர்த்துக்கொண்டேன்.

பஸ் பசறை நோக்கி ஏற, நமுனுகுல மலை முகிலுக்குள் தெரிந்தும் மறைந்தும் வந்தது. தேயிலைச் சரிவின் நடுவே நீண்ட லயம். அக்காவின் பெரியம்மா இன்னும் அங்கேதான் இருக்கிறார். அக்காவின் முகத்தில் தன் தங்கையைக் கண்டவர், கையைப் பிடித்து நேராக அடுப்படிக்குக் கூட்டிப்போய் இருத்தினார். "மொதல்ல தேத்தண்ணி குடிங்க புள்ள, அப்புறம் அழுகலாம்" என்றார்.

அந்த அடுப்படியின் கூரையும் சுவரும் கரிப்பிடித்துக் கறுத்திருந்தன. ஐம்பது வருடப் புகை. பெரியம்மா பேச்சுக்கு நடுவே நெஞ்சைப் பிடித்து இருமினார். "எங்கட அம்மாவும் இப்பிடித்தான் இருமுவா" என்று அக்கா மெதுவாகச் சொன்னார். வீட்டுக்குள் எரியும் விறகு, கரி போன்றவற்றின் புகையால் 2020இல் மட்டும் உலகில் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. அடுப்புக்கு முன்னால் அதிக நேரம் இருப்பது யார் என்று நமக்குத் தெரியும்.

பெரியம்மா இப்போது மூன்று கல் வைத்துச் சமைப்பதில்லை. சந்தையில் வாங்கிய 'அனகி' அடுப்பைப் பதித்திருக்கிறார். அனகி என்றால் சிங்களத்தில் விலைமதிப்பற்றது என்று பொருள். 1980களில் இலங்கை மின்சார சபையும் ஐ.ரி.டி.ஜி. என்ற தொண்டு நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிய அடுப்பு இது. அந்த நிறுவனத்தின் இன்றைய பெயர் பிரக்டிகல் அக்ஷன். ஒரே மண்ணடுப்பில் இரண்டு வாய்கள். முன் வாயில் விறகு எரிகிறது. அந்தச் சூடு வீணாகாமல் ஒரு குழாய் வழியாகப் பின் வாய்க்குப் போகிறது. முன்னால் சோறு வெந்து வர, பின்னால் கறி கொதிக்கும். விடியற்காலையில் பிரட்டுக்கு ஓட வேண்டிய பெண்ணுக்கு இது எவ்வளவு உதவி! மூன்று கல்லை விட விறகும் குறைவு. ஆனால் புகை முழுதாகப் போய்விடாது. அதற்காகப் பெரியம்மா மகனைக் கொண்டு கூரைக்குக் கீழே சுவரில் ஒரு திறப்பு வெட்டுவித்திருந்தார்.

2022இல் 12.5 கிலோ காஸ் சிலிண்டரின் விலை 4,860 ரூபாய்க்கு ஏறியதும், அதுவும் கிடைக்காமல் மக்கள் வரிசையில் நின்றதும் யாருக்கும் மறந்திருக்காது. அப்போது நகரத்து வீடுகளும் மண்ணடுப்பைத் தேடின. எங்கள் பெண்களுக்கு இந்தத் தொழிலில் நாட்டம் வந்ததும் அப்போதுதான்.

மறுநாள் மலையிறங்கி மஹியங்கனைப் பக்கம் குயவர் வீடொன்றுக்குப் போனோம். சிங்களத் தாயொருவர் களிமண்ணை மிதித்துக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் மொழிபெயர்த்தேன். பிறகு அதுவும் தேவைப்படவில்லை. அவர் அக்காவின் கையைப் பிடித்து மண்ணுக்குள் வைத்துவிட்டார்.

தண்ணீர்ப் பானைக்கான மண் அடுப்புக்கு உதவாது என்பதே அவர் சொன்ன முதற்பாடம். அடுப்பு தினமும் சூடேறி ஆறுகிறது. உட்பக்கம் விரியும்போது வெளிப்பக்கம் குளிர்ந்திருக்கும். அதனால் வெடிப்பு வரும். அதைத் தடுக்கக் களியோடு மணலும் உமியும் சேர்க்கிறார்கள். சூளையில் உமி எரிந்து சிறு துளைகளை விட்டுப்போகும். வெடிப்பு அந்தத் துளைகளில் நின்றுவிடும். உலோகம் உருக்கும் மூசையும் உலைக்களச் செங்கல்லும் இதே அறிவில்தான் நிற்கின்றன. ஹப்புத்தளை மலைகளுக்குத் தெற்கே சமனலவெவயில், 7ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரை, காற்றின் விசையாலேயே எரிந்த இரும்பு உலைகள் இருந்தன. ஜில் ஜூலெப் என்ற ஆய்வாளர் 1996இல் அதை உலகுக்கு எடுத்துக் காட்டினார். அந்த உலைகளின் சுவரும் களிமண்தான்.

மண்ணைச் சோதிக்கும் வழியையும் அவர் காட்டினார். பென்சில் பருமனில் திரித்து விரலில் சுற்றிப் பாருங்கள். உடனே வெடித்தால் களி போதாது. பிறகு ஒரு தட்டையான துண்டில் 10 சென்ரிமீற்றர் கோடு கீறிக் காயவிடுங்கள். கோடு 9 ஆகக் குறுகினால் பத்திலொரு பங்கு சுருங்கியிருக்கிறது. இன்னும் மணல் வேண்டும். செய்த அடுப்பை வெயிலில் வைக்காமல் நிழலில் பல நாள் காயவிட வேண்டும். ஈரம் உள்ளே இருக்கச் சூளையில் வைத்தால் நீராவி அதை உடைத்துவிடும். 600 பாகை செல்சியசுக்கு மேல் நன்றாக வெந்த களிமண்தான் மறுபடி தண்ணீரில் கரையாது.

மண் எங்கே எடுப்பது என்பதும் முக்கியம். குயவர்கள் பள்ளத்து வயற்காணியில்தான் எடுக்கிறார்கள். மலைச்சரிவைத் தோண்டுவது ஆபத்து. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் கடும் மழைக்குப்பின் சரிந்த மண் லயங்களையே மூடிவிட்டது. நமக்கு வன்னியில் வேறொரு பயம் உண்டு. மிதிவெடி அகற்றி விடுவிக்கப்பட்ட காணியில் மட்டுமே மண்வெட்டியை வையுங்கள். விற்பனைக்கு மண் எடுப்பதானால் அனுமதி தேவை. முதலில் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.

ஊர் திரும்பிய அக்கா முதலில் செய்த மூன்று அடுப்புகளும் வெடித்துவிட்டன. அவசரம்தான் காரணம். அழுதுகொண்டே பெரியம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தார். "மண்ண அவசரப்படுத்தக் கூடாது புள்ள. ஒடஞ்சத இடிச்சுத் திரும்ப மண்ணுல போடு" என்று பதில் வந்தது. சூளையில் வெந்து உடைந்த துண்டை இடித்துச் சேர்த்தால் மண் குறைவாகச் சுருங்கும் என்பது உண்மையே. அப்படிச் செய்த நாலாவது அடுப்பு நின்றுவிட்டது. இன்று அது அக்காவின் குசினியில் இருக்கிறது. அதற்குப் பின்பு செய்தவற்றில் 11 அடுப்புகளை அயலில் விற்றிருக்கிறார். பெரிய வருமானமில்லை, மகளின் ரியூஷன் காசுக்குப் போதும்.

அண்மையில் அவர் வீட்டுக்குப் போனேன். அடுப்புக்கு மேலே சுவரில் புதிதாக ஒரு திறப்பு வெட்டியிருந்தது. "பெரியம்மா வீட்டில பாத்தது மிஸ்" என்றார்.

சகோதரிகளே, உங்கள் ஊர்க் களிமண்ணிலும் ஒரு பிடி எடுத்து விரலில் சுற்றிப் பாருங்கள்.