ஒதுங்க ஒரு பாசி

பறவை தொட்டுப் பொரிக்கும், ஆமை நினைத்துப் பொரிக்கும், மீன் பார்த்தே பொரிக்கும் என்று நம் ஊரில் ஒரு பழைய நம்பிக்கை உண்டு. மதுரை மீனாட்சியின் பெயருக்கு இதை வைத்தே விளக்கம் சொல்வார்கள்: இமைக்காத கண்ணால் உலகத்தைக் காக்கும் தாய். கயல், சேல், கெண்டை என்று பெண்ணின் கண்ணுக்கு உவமையாக வந்த மீன்களை இருபது வருடங்களாக வகுப்பில் விளக்கிக்கொண்டிருக்கிறேன். அந்த மீன்களில் ஒன்றுக்கும் பசித்ததில்லை. ஒன்றும் பிரசவித்ததில்லை, களைத்ததில்லை.

என் தொட்டியில் இருப்பது கப்பி மீன். அது முட்டையிடுவதில்லை, குட்டி போடுகிறது. போட்ட கொஞ்ச நேரத்திலேயே, கண்ணில் பட்டால், அந்தக் குட்டியைத் தின்றும்விடுகிறது.

நாற்பத்து நான்கு வயதில், வீட்டில் வேறு யாருக்கும் பயன்படாத ஒரு பொருளை எனக்கென்று வாங்கினேன். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஒன்றேகால் அடி உயரம் உள்ள கண்ணாடித் தொட்டி. விளிம்புவரை நிரப்பினால் 70 லிட்டர் பிடிக்கும். தி. நகரில் கடைக்காரர் விலை, பராமரிப்பு எல்லாவற்றையும் என் கணவரைப் பார்த்தே சொன்னார். "மேடத்துக்கு டைம் இருக்குமா சார்?" என்றும் கேட்டார். பணத்தை நான்தான் கொடுத்தேன். மீதிச் சில்லறை அவர் கைக்குப் போனது.

செடித் தொட்டியில் முதலில் போவது மீன் அல்ல. அடியில் மண், மேலே பொடிக்கல், பிறகு செடிகள். வாலிஸ்னேரியா பின்வரிசையில் நாடாபோல நீண்டு வளரும். வேலம்பாசி எங்கே போட்டாலும் பெருகும். ஜாவா பாசியை ஒரு கட்டையில் நூலால் கட்டிவிட்டால் போதும், மெல்லப் பற்றிக்கொள்ளும். அதற்குப் பிறகு காத்திருக்க வேண்டும். மீனின் கழிவிலிருந்து அம்மோனியா வருகிறது. ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும் இன்னொரு வகை அதை நைட்ரேட்டாகவும் மாற்றுகிறது. முதல் இரண்டும் மீனுக்கு நஞ்சு. மூன்றாவது அளவோடு இருந்தால் கெடுதல் இல்லை, செடிக்கு அது உரம். இந்த பாக்டீரியாக்கள் போதுமான அளவு பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். அவற்றுக்காகத் தினம் ஒரு சிட்டிகை மீன் தீனியைத் தண்ணீரில் போட்டு மக்கவிட்டேன். "மீனே இல்லாத தொட்டிக்குத் தீனி போடற முதல் ஆள் நீதான்" என்று வீட்டில் சிரித்தார்கள்.

மெட்ரோ தண்ணீரில் குளோரின் இருக்கும் என்பதால் முதல்நாளே வாளியில் பிடித்துத் திறந்துவைக்க வேண்டும். வாரம் ஒருமுறை கால்பங்குத் தண்ணீரைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். எடுத்த தண்ணீர் பால்கனியில் இருக்கும் கறிவேப்பிலைக்குப் போகும். 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வற்றியபோது, கலர் குடங்களோடு லாரிக்குக் காத்து நின்றவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பிடிப்பது, தூக்குவது, நிரப்புவது, மிச்சப்படுத்துவது எல்லாம் எப்போதும் எங்கள் வேலைதான். அதே தண்ணீரைக் கண்ணாடிக்குள் ஊற்றிவிட்டால் மட்டும் அது ஆண்களின் பொழுதுபோக்காகிவிடுகிறது.

இத்தனைக்கும் கண்ணாடித் தொட்டியைத் தொடங்கிவைத்தவர்களில் பெண்கள் இருக்கிறார்கள். பிரான்சில் தையல் வேலை செய்த ழான் வில்ப்ரு, திருமணமாகி சிசிலித் தீவின் மெசினாவில் குடியேறியவர். 1832இல் கடல் உயிர்களை உயிரோடு வைத்துப் பார்ப்பதற்காகக் கண்ணாடித் தொட்டி செய்தார். ஆர்கோநாட் என்ற ஆக்டோபஸ் வகையின் பெண் ஒரு மெல்லிய வெள்ளை ஓட்டுக்குள் இருக்கும். அது வேறு உயிரின் ஓட்டில் குடியேறியிருக்கிறது என்று பல அறிஞர்கள் நம்பினார்கள். அந்த ஓட்டை அது தானே சுரந்து கட்டுகிறது என்பதைத் தொட்டியில் கவனித்து நிரூபித்தவர் ழான். தானும் தன் முட்டைகளும் இருப்பதற்குப் பெண் தானே கட்டிக்கொண்ட இடம் அது.

லண்டனில் அன்னா தைன் 1846 முதல் பவள உயிர்களை வீட்டில் வளர்த்தார். கடல்நீரில் காற்று கலப்பதற்காக அவர் வீட்டுப் பணிப்பெண் தினமும் அரைமணி, முக்கால்மணி நேரம் திறந்த ஜன்னலருகே நின்று, காப்பி ஆற்றுவதுபோல அந்தத் தண்ணீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு ஆற்றினார். 1854இல் பிலிப் ஹென்றி காஸ் எழுதிய புத்தகத்தால் 'அக்வேரியம்' என்ற சொல் பரவியது, புகழும் அவரைச் சேர்ந்தது. அன்னாவைச் சிலருக்குத் தெரியும். ஆற்றிய கைகள் யாருடையவை என்று யாரும் கேட்கவில்லை.

ஆறு வாரம் கழித்துக் கப்பி வாங்கப் போனேன். கடையில் "ஜோடியா எடுத்துக்குங்க" என்றார்கள். கண்ணைப் பறிக்கும் வாலோடு இருப்பது ஆண். சாம்பல் நிறத்தில், உருவத்தில் பெரியதாக இருப்பது பெண். ஜோடியாக விட்டால் நடப்பது இதுதான்: ஆண் நாள் முழுவதும் பெண்ணைத் துரத்தும். அவள் தின்னும்போதும் துரத்தும், கர்ப்பமாக இருக்கும்போதும் துரத்தும். அதனால்தான் ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண் என்று கணக்கு வைக்கிறார்கள். துரத்தலைப் பங்குபோட்டுக்கொள்ளத்தான் மற்றப் பெண்கள். அவள் ஒருமுறை வாங்கிய உயிரணுக்களை மாதக்கணக்கில் உடலில் சேமித்துவைத்து, ஆண் பக்கத்தில் இல்லாமலே பலமுறை குட்டி போடக்கூடியவள் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். துரத்தல் அவளுடைய தேவை அல்ல.

இதை அறிவியலாளர்கள் அளந்தும் பார்த்திருக்கிறார்கள். ஆண்களின் ஓயாத தொல்லை பெண் கப்பி இரை தேடுவதைக் குறைக்கிறது என்று ஆன் மகுரனும் பெனோனி செகர்ஸும் 1994இல் எழுதினார்கள். டிரினிடாட் ஆறுகளின் கப்பிகளை ஆராய்ந்த சஃபி டார்டனும் டேரன் கிராஃப்டும் 2008இல் சொன்னது இன்னும் உறைக்கிறது. கப்பியைக் கொன்று தின்னும் மீன்கள் உள்ள நீருக்குப் பளிச்சென்ற நிறமுள்ள ஆண்கள் அதிகம் வருவதில்லை. பெண்கள் அந்த ஆபத்தான நீரைத் தேடிப் போகிறார்கள், அங்கே தொல்லை குறைவு என்பதால். படித்தபோது என் மாணவி ஒருத்தி நினைவுக்கு வந்தாள். டீக்கடை வாசலைத் தவிர்ப்பதற்காக விளக்கில்லாத சந்து வழியாக அடையாறு பஸ் ஸ்டாப்புக்குப் போகிறவள் அவள். மீனிடமிருந்து நான் பாடம் எடுக்க வரவில்லை. மீன் மீன்தான். ஆனால் "அந்த இருட்டு வழியா ஏன் போனே?" என்று அவளைக் கேட்பவர்களிடம் காட்ட இந்த ஆராய்ச்சியைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

பெண் மீன் நிறைசூலியானபோது, அவளைப் 'பிரீடிங் பாக்ஸி'ல் போடச் சொன்னார்கள். உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் பெட்டி, அடியில் தடுப்பு. அவள் அதில் கிடந்து குட்டி போடுவாள், குட்டிகள் இடுக்கு வழியாகக் கீழே விழுந்து தப்பிக்கும். பக்கத்து வீட்டுப் பையன் வைத்திருந்த பெட்டியைப் பார்த்தேன். திரும்பக்கூட இடமில்லாமல் அவள் சுவரில் முட்டிக்கொண்டே இருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மயிலாப்பூரிலிருந்து 29சி பிடித்துப் பெரம்பூரில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் கொளத்தூர் போனேன். சென்னையின் வண்ண மீன் வியாபாரத்துக்கு அந்தப் பகுதிதான் மையம். அங்கே வீட்டுக்குப் பின்னால் சிமெண்ட் தொட்டிகளில் மீன் வளர்க்கும் ஓர் அம்மாவிடம் பெட்டியைப் பற்றிக் கேட்டேன். அவர் தண்ணீருக்குள் கையை விட்டபடியே சொன்னார்: "பாக்ஸெல்லாம் எதுக்கும்மா? பயந்துக்கும். பொட்டைக்கு ஒதுங்க எடம் குடு. பாசிய அள்ளிப் போடு. அதுவும் ஒதுங்கிக்கும், குட்டிங்களும் ஒதுங்கிக்கும்."

திரும்பும் வழியெல்லாம் அந்தச் சொல் என்னோடு வந்தது. ஒதுங்குதல் தன்வினை. ஒதுக்குதல் பிறவினை. நடுவில் ஒரு மெல்லின எழுத்து வல்லினமாகிறது, அவ்வளவுதான். பெட்டி அவளை ஒதுக்குகிறது. பாசிக்குள் அவள் ஒதுங்குகிறாள். இரண்டையும் நாம் 'பாதுகாப்பு' என்ற ஒரே சொல்லால் குறிப்பிடுகிறோம். வேண்டும்போது வெளியே வர முடியுமா என்று கேட்டுப் பார்த்தால் எது எது என்று தெரிந்துவிடும்.

நிறையப் பாசி போட்டேன். குட்டி போட நான்கு வாரம் வரை ஆகும் என்பார்கள். ஒரு காலையில் ஜாவா பாசிக்குள் கண்ணும் வாலும் மட்டுமாகப் பதினான்கு குட்டிகளை எண்ணினேன். மற்றவற்றை அவளோ வேறு மீன்களோ தின்றிருக்கலாம். ஆற்றில் குட்டிகள் சிதறிப் போய்விடும். இரண்டடிக் கண்ணாடிக்குள் சிதற இடமில்லை. பசியோடு இருப்பவளின் வாய்க்கு முன்னால் குட்டியை வைத்துவிட்டு அவளைக் கெட்ட தாய் என்பது தொட்டி வைத்தவர்களின் நியாயம்.

தொட்டிக்கு முன்னால் அதிக நேரம் உட்கார்ந்திருப்பவர் என் அத்தை, அதாவது என் மாமியார். வயது எழுபத்தெட்டு, ஐந்து பிரசவம் பார்த்தவர். சூலி மீன் பாசிக்குள் அசையாமல் நிற்பதைக் காட்டி, "லைட்ட அணைச்சுடு கண்ணு, கொஞ்ச நேரம் தனியா இருக்கட்டும்" என்றார். பிறகு அவராகவே பேச ஆரம்பித்தார். "அந்தக் காலத்துல வீட்டுக்குத் தூரமா இருக்கற மூணு நாள் எங்களுக்கு ஓய்வுன்னு இப்ப டிவியில பெருமையாச் சொல்றாங்க. கொல்லைப்புறத்துல தனித் தட்டும் பாயும் குடுத்து ஒதுக்கி வச்சது ஓய்வா? அப்பவும் நெல்லு குத்த வெச்சாங்க. எனக்கு ஓய்வுன்னா கிணத்தடிதான். எல்லாரும் தூங்கின பிறகு துவைக்கற கல்லுல போய் உக்காந்துப்பேன். யாருக்கும் தெரியாது." இருபது வருடங்களில் அவர் என்னிடம் இதைச் சொன்னது அன்றுதான்.

அடுத்த வாரம் இளங்கலை மூன்றாமாண்டு வகுப்பில் தன்வினை, பிறவினை நடத்தியபோது, "நீங்க ஒதுங்கற இடம் எது?" என்று கேட்டு எழுதச் சொன்னேன். மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால். குளியலறை, ஆனால் பத்து நிமிடம்தான். பஸ்ஸில் ஜன்னலோர இருக்கை. பாட்டியின் பக்கத்தில், பாட்டிக்குக் காது கேட்காது என்பதால். தன்னுடைய அறை என்று எழுதியவர்கள் இரண்டு பேர். "வீட்டில் இல்லை, அதனால்தான் நூலகத்துக்கு வருகிறேன்" என்று எழுதியவர்கள் ஏழு பேர்.

எங்கள் நூலகத்தை மாலை ஐந்து மணிக்குப் பூட்டிவிடுவார்கள். விடுதியின் கேட் ஆறரைக்கு. நூலகத்தை எட்டு மணிவரை திறந்துவைக்கக் கேட்டு மாணவிகளும் நானும் ஒரு விண்ணப்பம் கொடுத்தோம். பெண்களின் பாதுகாப்பைக் கருதி இயலாது என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. இரண்டாவது விண்ணப்பத்தை மாணவிகளே எழுதுகிறார்கள். எங்களை ஒதுக்கிவைக்க வேண்டாம், ஒதுங்க இடம் கொடுங்கள் என்று அதில் ஒரு வரி இருக்கிறது. அதிகாரிகளுக்கு இலக்கணம் புரியுமா என்று ஒருத்தி கேட்டாள். புரியும்வரை எழுதுவோம் என்றேன்.