மகன் தந்த மருந்து

சமையலறை உப்பில் கலந்திருக்கும் அயோடின் பரம சாது. அதன் அணுக்கருவில் 53 புரோட்டான்கள், 74 நியூட்ரான்கள். கூட்டினால் 127. காலத்துக்கும் அப்படியே இருக்கும். அதை ஈர்த்துச் சேர்த்துவைப்பது கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி.

1938. அமெரிக்காவின் பெர்க்லி நகரில் தைராய்டை ஆராய்ந்துகொண்டிருந்த டாக்டர் ஜோசப் ஹாமில்டனுக்கு ஒரு குறை. அவரிடம் இருந்த கதிரியக்க அயோடின்-128, 25 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துகொண்டே வந்தது. அதை வைத்து ஆய்வை முடிப்பதே பெரும்பாடு. இளம் வேதியியலாளர் கிளென் சீபோர்க்கிடம் சொன்னார். எவ்வளவு காலம் தாங்க வேண்டும் என்று கேட்டார் சீபோர்க். ஒரு வாரம் தாங்கினால் நல்லது என்றார் டாக்டர்.

சீபோர்க்கும் ஜான் லிவிங்குட்டும் சைக்ளோட்ரான் கருவியின் உதவியோடு டெல்லூரியத்தை அணுத்துகள்களால் தாக்கினார்கள். கிடைத்தது அயோடின்-131. அரை ஆயுள் 8 நாள்!

இதிலும் புரோட்டான் 53தான். ஆனால் நியூட்ரான் 78. நான்கு அதிகம் என்பதால் கரு நிலைகொள்ளாமல் தவிக்கிறது. ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாற, ஓர் எலெக்ட்ரான் வெளியே பாய்கிறது. இதுதான் பீட்டா சிதைவு. மிச்ச ஆற்றல் காமா கதிராகப் போய்விட, அயோடின் சாதுவான செனான் வாயுவாகிவிடுகிறது.

தைராய்டுக்கு 127, 131 என்ற வித்தியாசம் தெரியாது. இரண்டையும் ஒன்றுபோலவே சேர்த்துக்கொள்ளும். பீட்டா கதிர் ஓரிரு மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடுவதால், அளவுக்கு மீறிச் சுரக்கும் செல்களை அங்கேயே அழிக்கிறது. காமா மட்டும் உடம்பைத் தாண்டி வெளியே வரும். அதனால்தான் இன்றும் இந்தச் சிகிச்சை பெற்றவர்களிடம், சில நாள் குழந்தைகளைத் தூக்கிக் கொஞ்ச வேண்டாம் என்கிறார்கள் டாக்டர்கள்.

சில ஆண்டுகள் கழித்து, சீபோர்க்கின் அம்மாவுக்கே தைராய்டு மிகையாகச் சுரக்கும் நோய் வந்தது. அவருக்குத் தரப்பட்ட மருந்து, மகன் கண்டுபிடித்த அதே அயோடின்-131. அதனால் அம்மாவின் ஆயுள் நீண்டது என்று பின்னாளில் மகிழ்ச்சியோடு சொன்னார் மகன்.

1941-ல் புளூட்டோனியத்தைக் கண்டுபிடித்த குழுவிலும் சீபோர்க் இருந்தார். புளூட்டோனியம்-239 கனமான கரு. இரண்டு புரோட்டான், இரண்டு நியூட்ரானை மூட்டையாகக் கட்டி வெளியேற்றும் ஆல்பா சிதைவு அதனுடையது. அரை ஆயுள் சுமார் 24,000 ஆண்டுகள். அந்தக் கருவைச் சிதையவிடாமல் பிளந்தால் பேராற்றல் வரும். 1945-ல் நாகசாகியில் வெடித்தது அதுதான்.

ஓர் அம்மா பிழைத்ததும், ஒரு நகரம் எரிந்ததும் ஒரே மனிதரின் ஆய்வுக்கூட வாழ்க்கையோடு சேர்ந்தே இருக்கின்றன.